ஒரு உரல், இரண்டு சுவர்

மரியம்மாள் டீச்சருக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆம்பூரில் அவளைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், "ஐயோ, அந்தம்மா பொறுமைக்குக் கோயிலே கட்டலாம்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். சுத்தப் புளுகு. பொறுமை இருந்திருந்தால் மிஷன்காரர்கள் சொன்ன இடத்திலேயே, சர்ச் தாழ்வாரத்தில், பலகையும் பல்பமும் அடுக்கி வைத்துக்கொண்டு காலம் பூராவும் உட்கார்ந்திருப்பாள். தோல் கம்பெனியின் பட்டைக் கொட்டகையில் பள்ளிக்கூடம் என்று ஒன்று நடந்தே இருக்காது. அதனால் வந்த வினையும் வந்திருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் அது. தோல் கம்பெனிகளில் வேலை செய்கிற பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்று மிஷனில் தீர்மானம் போட்டு மரியம்மாளை அனுப்பினார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் வகுப்பு. யார் வருவார்கள்? விடிந்ததிலிருந்து உலக்கை பிடித்த கை. வீட்டுக்குப் போனால் அடுப்பு, பிள்ளை, தண்ணீர்க்குடம். முதல் வாரம் நாலைந்து பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஒருத்தி மட்டும் வந்தாள். அவளும் 'அ' எழுதி முடிப்பதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மரியம்மாள் அவளை எழுப்பவில்லை. அவளாக எழுந்து, வெட்கப்பட்டுப் போனபிறகு, பலகைகளை எல்லாம் சாக்கில் போட்டுக் கட்டினாள்.

"அவங்க இன்னாத்துக்கு வரணும்? நான்தான் போவணும்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். தனியாகக் குடியிருக்கிறவர்களுக்கு வருகிற பழக்கம் அது. பதில் சொல்ல ஆளில்லாவிட்டாலும் வாய் பேசிவிடும்.

அவள் தனிக்கட்டைதான். வேலூரில் பிறந்து, அங்கேயே டீச்சர் டிரெயினிங் முடித்து, ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனி குமாஸ்தாவான சாமுவேலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை வந்தபோது பட்டாளத்துக்குக் கணக்கு எழுத ஆள் எடுத்தார்கள். சம்பளம் ஜாஸ்தி என்று சாமுவேல் பஸ்ராவுக்குக் கப்பல் ஏறினான். கடுதாசி மேல் கடுதாசியாக எழுதினான். பேரீச்சை மரம், மணல், கொசு, உன் கை ரசம், இதையே மாற்றி மாற்றி. அப்புறம் காய்ச்சல் என்று எழுதினான். அதற்கப்புறம் சர்க்காரிலிருந்துதான் சேதி வந்தது. பிள்ளை குட்டி இல்லை. வேலூருக்கே திரும்பி வந்துவிடு என்று பிறந்த வீட்டில் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. அவன் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே இருந்தாள். அந்தக் கடுதாசிகளை எடுத்துப் படிப்பதுதான் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வேலை. எழுத்து தெரிந்திருந்ததால் அல்லவா அவன் என்னோடு இருக்கிறான், தெரியாதவளாக இருந்தால் கதி என்ன என்று நினைத்துக்கொள்வாள். எழுத்துச் சொல்லித்தருவதில் அவளுக்கு இருந்த வெறி அங்கே பிறந்ததுதான்.

சரி, கம்பெனிக்கு வருவோம். இஷ்தியாக் அகமது சாயபுவின் கம்பெனி பாலாற்றங்கரையில் இருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறி மயிர் கழிந்த தோலை ஆவாரம்பட்டைச் சாற்றில் போட்டுப் பதமாக்குவார்கள். அந்தப் பட்டையை இடிப்பது பெண்கள் வேலை. நீளமான கொட்டகை, வரிசையாகக் கல்லுரல்கள், ஒவ்வொரு உரலிலும் எதிரும் புதிருமாக இரண்டு பேர். ஒருத்தி உலக்கை இறங்கும்போது மற்றவள் உலக்கை ஏறும். ஒரு ஜோடி அமைந்துவிட்டால் மாற்றமாட்டார்கள். நிற்கிற பக்கத்தைக்கூட மாற்றமாட்டார்கள். பழகின கை மாறினால் உலக்கையும் உலக்கையும் முட்டும், விரல் நசுங்கும். "இதுங்க புருசன் பொஞ்சாதியவிட மேலு" என்று மேஸ்திரி அஹமது பாஷா கேலி பேசுவார்.

மரியம்மாள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். பட்டைத்தூள் மூக்கில் ஏறித் தும்மல் பிடுங்கியது. தும்மிக்கொண்டே பார்த்தாள். இந்த உலக்கை ஒன்று, அந்த உலக்கை ஒன்று. நம்ம எழுத்தும் இப்படித்தானே என்று சட்டென்று அவளுக்கு உறைத்தது. மெய் ஒன்று, உயிர் ஒன்று. இக் என்று ஒருத்தி போட்டால், அ என்று மற்றவள் போட்டால், இரண்டு பேரும் சேர்ந்து க!

அஹமது பாஷாவிடம் போய் நின்றாள். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அரே, இன்னாம்மா இது? வேலை நேரத்துல பாடமா? சாயபு காதுல விழுந்தா என் கதை முடிஞ்சிது."

"கை நிக்காது பாஷா பாய். வாய்தானே படிக்கப்போவுது? இப்ப மட்டும் அந்த வாயெல்லாம் சும்மாவா இருக்குது?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டகைப் பேச்சு நாலு தெருவுக்குக் கேட்கும் என்பது அவருக்குத் தெரியாததா?

"தூளு கம்மியாச்சின்னா மறுநாளே நிறுத்திடுவேன்."

"ஜாஸ்தியாச்சின்னா?"

"அப்ப நானே வந்து உக்காந்து படிக்கறேன், போம்மா" என்றார்.

தூள் ஜாஸ்திதான் ஆயிற்று. அவர் வந்து உட்காரவில்லை, அது வேறு விஷயம்.

அவள் செய்த ஏற்பாடு இதுதான். சுண்ணாம்பைக் குழைத்துக் கொட்டகையின் கிழக்குச் சுவர் பூராவும் மெய்யெழுத்துகளைப் பெரிது பெரிதாக எழுதினாள். மேற்குச் சுவரில் உயிரெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்கான கால், கொக்கி, கொம்பு, சுழி. எதிரெதிராக நிற்கிற ஜோடியில் ஒருத்தி முகம் கிழக்கே, மற்றவள் முகம் மேற்கே. அவளவளுக்கு எதிரே அவளவள் சுவர். வரிசையின் ஒரு கோடியில், இரண்டு பக்கத்துக்கும் தெரிகிறபடி, மரியம்மாள் கரும்பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதில் ஆடு, இலை என்று குழந்தைப் பாடம் எழுதமாட்டாள். கூலி, பட்டை, பாலாறு, மேஸ்திரி. கிழக்கே பார்த்தவள் மெய்யைச் சொல்லி ஒரு இடி, மேற்கே பார்த்தவள் உயிரைச் சொல்லி ஒரு இடி, அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து எழுத்தைச் சொல்வார்கள். மத்தியானம் மேஸ்திரியும் மற்ற ஆண்களும் தொழுகைக்குப் போனதும், சாக்கில் பட்டைத்தூளைப் பரப்பி விரலால் எழுத்து. ஒருத்தி எழுத்தைப் போடுவாள், இன்னொருத்தி கொம்பைப் போடுவாள்.

சும்மா சொல்லக்கூடாது, கொட்டகையே பாடிற்று. மிஷன் துரைசானி ஒருநாள் வந்து மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இப்படி ஒரு வகுப்பை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லிப் போனார். மரியம்மாளுக்குத் தலை கால் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் அரைச் சேர் மிட்டாய் வாங்கித் தானே தின்றாள்.

அந்த ஜோடிகளில் முதல் ஜோடி அமிர்தவள்ளியும் கன்னியம்மாவும். அமிர்தவள்ளி நெட்டை, இடதுகைக்காரி, பேச்சு கம்மி, கோபம் ஜாஸ்தி. கன்னியம்மா குட்டை, வாய் ஓயாது. இரண்டு பேரும் புதுப்பெண்ணாக ஒரே வருஷம் இந்தக் கம்பெனிக்கு வந்து, அன்றிலிருந்து ஒரே உரல். ஒரே சட்டியில் கூழ். ஒருத்தி கொண்டுவந்தால் மற்றவள் கொண்டுவரமாட்டாள். இடதுகைக்காரியோடு இடிக்க வேறு யாராலும் முடியாது என்று கன்னியம்மாவுக்குப் பெருமை. மற்றப் பெண்கள், "மெய்யி வந்துச்சி, உயிரு எங்கடி?" என்று கிண்டல் செய்வார்கள். பலகையில் எந்த வார்த்தையை எழுதினாலும் இந்த ஜோடிதான் முதலில் படிக்கும். மரியம்மாளுக்கு அந்த இரண்டு பேரையும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அவர்கள் ஒரே சட்டியில் கை விட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே தன் சோற்றைத் தின்பாள்.

ஐப்பசியில் ஒருநாள் கன்னியம்மா வேலைக்கு வரவில்லை. புருஷனோடு வேலூருக்குப் போயிருந்தாள். அமிர்தவள்ளி ஒற்றை உலக்கையாக இடித்துக்கொண்டிருந்தாள். மரியம்மாள் விளையாட்டாகப் பலகையில் 'கன்னியம்மா' என்று எழுதி, "படி பாக்கலாம், உன் ஜோடி பேரு" என்று நீட்டினாள்.

"இக்" என்றாள் அமிர்தவள்ளி. நிறுத்தினாள். எதிரே பார்த்தாள். "இன்... இன்... இய்... இம்... இம்..."

"இன்னாடி விளையாட்டு? முழுசாப் படி."

"மீதி அவதானே டீச்சரம்மா சொல்லுவா?"

மரியம்மாள் பலகையைக் கிட்டே கொண்டுபோனாள். 'னி'யின் தலையில் வளைந்த கொக்கியைத் தொட்டு, "இது இன்னா?" என்று கேட்டாள். அமிர்தவள்ளிக்குத் தெரியவில்லை. தினமும் அதோடுதான் இடித்தாள், ஆனால் அது எதிர்ப்பக்கத்துக்காரியின் சமாச்சாரம். அவள் அந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கிறதை எப்படிப் பார்ப்பாள்?

சாயங்காலம் மரியம்மாள் கன்னியம்மா வீட்டுக்கே ஓடினாள். பலகையில் எழுதிக் காட்டினாள். கன்னியம்மா சிரித்துக்கொண்டே, "அ, இ, அ, ஆ" என்றாள். 'க' எது, 'ம' எது என்று கேட்டால் கைவிரித்தாள். மாதக்கணக்கில் படித்த படிப்பு, ஆளுக்குப் பாதி! கொட்டகை பூராவும் இதே கதைதான் என்பது மறுநாளே தெரிந்துவிட்டது. துரைசானி பாராட்டிவிட்டுப் போனாரே, அவருக்கு எங்கே தெரியும்? ஜோடியாகக் கேட்டால் சங்கீதம், தனியாகக் கேட்டால் ஊமை.

மற்றவர்களுக்கு மெள்ளச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் கன்னியம்மா வேலூர் போன காரணத்தை அந்தச் சாயங்காலமே சொல்லிவிட்டிருந்தாள். பினாங்குச் சீமையில் ரப்பர் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிற கங்காணியிடம் அவள் புருஷன் பேர் கொடுத்துவிட்டான். கிறிஸ்துமஸ் கழித்துக் கப்பல்.

"எனக்குப் போவ மனசே இல்ல டீச்சரம்மா. அவரு கேக்க மாட்டேன்றாரு. நீங்க எழுத்து சொல்லிக் குடுத்தீங்களே, அந்த ஒரு தைரியந்தான். அமிர்தத்துக்கு நானே கடுதாசி போடுவேன். கங்காணிகிட்ட எழுதக் குடுத்தா, என் மனசுல இருக்கறத அந்தாளுகிட்ட எப்பிடிச் சொல்லுவேன்?"

மரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். இவளால் போட முடியாதே! போட்டாலும் அமிர்தத்தால் படிக்க முடியாதே! கடல் தாண்டிப் பாதி எழுத்து அங்கே, பாதி எழுத்து இங்கே.

முதலில் அவள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தாள். இரண்டு பேரையும் பக்கம் மாறி நிற்கச் சொன்னாள். இடதுகையும் வலதுகையும் குழம்பி உலக்கைகள் முட்டிக்கொண்டன. அமிர்தவள்ளியின் விரல் முட்டி பெயர்ந்து ரத்தம் வந்தது. அஹமது பாஷா வந்து சத்தம் போட்டார். சரி, இடிக்க வேண்டாம், உட்கார்ந்து படியுங்கள் என்று மத்தியானத்தில் உட்காரவைத்தாள். அதுவும் உதவவில்லை. ஒருத்தி திணறினால் மற்றவளுக்குப் பொறுக்காது. "கொக்கிடி, 'இ' சொல்லு" என்று உடனே எடுத்துக் கொடுத்துவிடுவாள். அமிர்தவள்ளி வாய் திறப்பதற்குள் கன்னியம்மா சொல்லிவிடுவாள். கன்னியம்மா விழித்தால் அமிர்தவள்ளி முணுமுணுப்பாள். அதட்டினால் கண்ணாலேயே சொல்லிக்கொண்டார்கள். இத்தனை பிரியம் இருந்தால் படிப்பு எங்கே ஏறும்?

மரியம்மாளுக்குத்தான் பொறுமை கிடையாதே. ஒருநாள் அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

"ரெண்டு பேரும் பிரிஞ்சி நில்லுங்க. அமிர்தம் அந்தக் கோடி உரலுக்குப் போ. கன்னியம்மா இங்க. மத்தியானம் கன்னியம்மாவுக்குப் பாடம். அமிர்தத்துக்கு வேலை விட்டப்புறம். சேர்ந்து உக்காந்து சாப்பிடவும் வேணாம், சாப்பிட்டா பாடந்தான் பேசுவீங்க."

கன்னியம்மா அழுதுவிட்டாள். அமிர்தவள்ளி உலக்கையைத் தொப்பென்று போட்டாள்.

"அவ இருக்கப்போறதே கொஞ்ச நாளு. அந்த நாளையும் பிடுங்கறீங்களா?"

"பிடுங்கல. அவ போனப்புறம் உனக்கு அவ வேணுமா, வேணாமா? இப்பப் பக்கத்துல நின்னுட்டா அப்புறம் ஒண்ணுமே இல்ல. இப்பப் பிரிஞ்சி நின்னா ஆயுசு பூரா அவ பேச்ச நீ கேக்கலாம்."

அப்படியும் அவர்கள் அசையவில்லை. அப்போதுதான் மரியம்மாள் அதுவரை யாரிடமும் செய்யாததைச் செய்தாள். மறுநாள் சாமுவேலின் கடுதாசிக் கட்டைக் கொண்டுவந்து இரண்டு பேர் முன்னாலும் அவிழ்த்தாள். மடித்து மடித்து ஓரம் கிழிந்த காகிதங்கள்.

"இத்தப் பாருங்க. மனுஷன் போய்ட்டாரு. இது இருக்குது. இது இருக்கறதாலதான் நான் இருக்கேன்."

இரண்டு பெண்களும் அந்தக் காகிதத்தைத் தொடாமல் பார்த்தார்கள். தொட்டால் கறையாகிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கன்னியம்மாதான் முதலில், "சரி டீச்சரம்மா" என்றாள். அமிர்தவள்ளி தன் உலக்கையை எடுத்துக்கொண்டு கோடி உரலுக்குப் போனாள், அங்கிருந்த ஜோடியில் ஒருத்தி கன்னியம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

மரியம்மாள் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. முதல் இரண்டு மூன்று வருஷம், அந்தக் கடுதாசிகளைப் படித்தால் சாமுவேலின் குரல் காதில் கேட்கும். மூக்கால் பேசுகிற குரல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக அது தேய்ந்து, இப்போதெல்லாம் படித்தால் தன் குரல்தான் கேட்கிறது. இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

படிப்பு ஏறிற்று. அதிலும் குறை சொல்ல முடியாது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாதபோது வாய் தானாகத் தேடிக் கண்டுபிடித்தது. கார்த்திகை பாதிக்குள் கன்னியம்மா தன் பேர், புருஷன் பேர், ஊர்ப் பேர் எல்லாம் எழுதினாள். அமிர்தவள்ளி கோபத்திலேயே படித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தையும் விரலால் குத்திக் குத்தி எழுதுவாள். உலக்கை போடுகிற நேரமெல்லாம் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"இன்னா கேக்கறே?" என்று மரியம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"அவ இடிய."

"இத்தனை இடியில அவ இடி எதுன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்" என்றாள் அமிர்தவள்ளி.

இன்னும் கொஞ்ச நாள்தான், எழுத்து மனசில் நின்றுவிட்டால் கடைசி வாரம் இரண்டு பேரையும் பழையபடி சேர்த்துவிடலாம், ஒரே சட்டியில் சாப்பிடட்டும் என்று மரியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கடைசி வாரத்தை நினைத்து அவளுக்கே சந்தோஷமாக இருந்தது. கேசரி கிளறிக் கொண்டுபோகலாம் என்றுகூட நினைத்தாள்.

ஆம்பூர்த் தோல் கம்பெனிகளுக்கு வாரலீவு வெள்ளிக்கிழமை. முதலாளிகள் ஜும்மாவுக்குப் போவார்கள், கொட்டகை பூட்டிக் கிடக்கும். அந்த லீவில் அமிர்தவள்ளி ஒடுகத்தூர்ப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போய் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி நாலு காசு பார்த்துவிட்டு வருவாள். அப்படி ஒரு வியாழக்கிழமை எல்லாரும் வழக்கம்போல் கலைந்து போனார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சனிக்கிழமைதான் பார்க்கப் போகிறோமே!

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கங்காணி வந்து நின்றான். கப்பல் முன்னாலேயே கிளம்புகிறது, இன்றைக்கே கப்பல் ஆட்களைத் தங்கவைக்கிற மெட்ராஸ் டிப்போவுக்கு ஆள் போய்ச் சேர வேண்டும் என்று மூட்டை கட்டச் சொல்லிவிட்டான். சேதி காதில் விழுந்தபோது மரியம்மாள் குளிக்கத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். கலைந்த தலையோடு ரயிலடிக்கு ஓடினாள்.

கும்பலாக ஆட்கள், மூட்டைகள். கன்னியம்மா ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள், ஆனால் மரியம்மாளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள்.

"அமிர்தம்?"

"ஒடுகத்தூர் போயிருக்கா கண்ணு. ஆள் அனுப்பக்கூட நேரமில்ல."

கன்னியம்மா ரயிலடி வாசலை இன்னொரு தரம் எட்டிப் பார்த்தாள். வண்டி ஊதிற்று.

"நேத்து அவ களி கொண்டாந்திருந்தா டீச்சரம்மா. எனக்கு வாசனை தெரிஞ்சிது. நீங்க திட்டுவீங்கன்னு நான் போவல" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது.

மரியம்மாள் வீட்டுக்கு வந்து தலைகூட வாராமல் அந்தக் கடுதாசிக் கட்டைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இது எல்லாவற்றையும் யாராவது வாங்கிக்கொண்டு, அவன் கப்பலேறுவதற்கு முந்தின நாளை, ஒரே ஒரு நாளைக் கொடுத்தால் கொடுத்துவிட மாட்டேனா? அன்றைக்குக்கூட அவள் அவனோடு சண்டைதான் போட்டாள், டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு வாங்கவில்லை என்று. அந்தச் சண்டையே கிடைத்தால் போதுமே! இது அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியுமா? முன்பே தெரியும். தெரிந்திருந்தும், உயிரோடு எதிரே நின்ற இரண்டு பேரைப் பிரித்து ஆளுக்கொரு மூலையில் நிறுத்தினாள். அழுதாள். வாய்விட்டே அழுதாள்.

சனிக்கிழமை அமிர்தவள்ளிக்கு அவள்தான் சொன்னாள். வேறு யாரையும் சொல்ல விடவில்லை. அமிர்தவள்ளி முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மல்லாட்டையை அவிழ்த்து ஒரு மூலையில் வைத்தாள். பழைய உரலுக்குப் போய்ப் பழைய பக்கத்தில் நின்று ஒற்றை உலக்கையாக இடிக்க ஆரம்பித்தாள். ஒற்றை உலக்கையில் தூள் பாதிதான் தேறும். அஹமது பாஷா பார்த்தார். பார்க்காதவர் மாதிரி அடுத்த உரலுக்குப் போய்விட்டார்.

அப்புறம் அவளோடு வேறொருத்தியைச் சேர்த்தார்கள். மரியம்மாள் இரண்டு சுவரிலும் இருந்த எழுத்துகளை அழித்துவிட்டு, இரண்டு சுவரிலும் எல்லா எழுத்துகளையும் எழுதினாள். வகுப்பு நடந்தது. முன்போல் கொட்டகை பாடவில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் படித்தாள். அமிர்தவள்ளி மரியம்மாளிடம் பாடத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. மரியம்மாளும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மாசி கடைசியில் தபால்காரர் கம்பெனி வாசலில் வந்து, "அமிர்தவள்ளி யாரும்மா? பினாங்குக் கடுதாசி" என்றார். மத்தியான நேரம். உலக்கைகள் நின்றன. எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். அமிர்தவள்ளி கையைப் புடவையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மரியம்மாள் ஒதுங்கித் தூணருகே நின்றாள். "டீச்சரம்மாவப் படிக்கச் சொல்லுடி" என்றாள் ஒருத்தி.

"எனக்குத் தெரியும்" என்று அமிர்தவள்ளி உறையைக் கிழித்தாள். உரக்கப் படித்தாள்.

"அமிர்தம், நான் கன்னியம்மா எழுதறேன். நானேதான் எழுதறேன், கங்காணி இல்ல. கப்பல்ல வாந்தி. இப்ப சொகம். இங்க ரப்பர் மரத்துல பால் எடுக்கற வேலை. ஆளுக்கு ஒரு வரிசை மரம். நான் பாட்டுக்கு மரத்துக்கு மரம் போய்க்கினே இருக்கணும். எதிர்ல ஆளு கிடையாது. பேசினா மரந்தான் கேக்கும். சோறு நல்லாத்தான் இருக்குது. தனியாத் துன்னறேன். நீ ரயிலடிக்கு வரலன்னு உன் மேல எனக்குக் கோவம் இல்ல..."

எங்கேயும் திக்கவில்லை. மெய்யும் உயிரும் ஒட்டிக்கொண்டு தங்குதடை இல்லாமல் வந்தன. ஜெயித்துவிட்டோம் என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், மரியம்மாளின் நெஞ்சு விம்மிற்று. அப்போது அமிர்தவள்ளி நிறுத்தினாள். காகிதத்திலிருந்து கண்ணை எடுத்துத் தூண் பக்கம் திரும்பினாள்.

"படி. இருக்கறத விடாமப் படி" என்றாள் மரியம்மாள்.

"'டீச்சரம்மாகிட்ட சொல்லு. எழுத்து நல்லா வந்துடுச்சி, அவங்க புண்ணியம். ஆனா நம்மள பிரிச்சி வெச்ச அந்த நாளுங்கள மட்டும் எனக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லு.'"

பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் உரலுக்குப் போனார்கள். அமிர்தவள்ளி கடுதாசியை மடித்து இடுப்பில் சொருகினாள். பட்டைக்கட்டின் மேல் உட்கார்ந்து, மரியம்மாளின் பையிலிருந்து தானே ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்தாள்.

"பதில் எழுதணும். என்னுது அப்புறம் எழுதிக்கறேன். உங்களக் கேட்டதுக்கு இன்னா எழுதட்டும்?"

மரியம்மாள் அவளுக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். வெள்ளைப்புடவை எல்லாம் பட்டைத்தூள்.

"அவ கேட்டது நியாயந்தான்னு எழுது."

எழுதினாள்.

"குடுக்கறதுக்கு என்கிட்ட இல்லன்னு எழுது."

எழுதினாள். "அப்புறம்?"

மரியம்மாள் மடியில் விழுந்த பட்டைத்தூளைத் தட்டிவிட்டாள்.

"நானும் ஒரே ஒரு நாளத் திருப்பிக் கேட்டேன், எனக்கும் யாரும் குடுக்கலன்னு எழுது" என்றாள்.

அமிர்தவள்ளியின் பென்சில் நின்றது. கன்னியம்மா போனபிறகு முதல்முறையாக அவள் மரியம்மாளை முகத்துக்கு நேரே நன்றாகப் பார்த்தாள். பிறகு குனிந்து, இடதுகையால், அதையும் எழுதினாள்.